பயன் கருதாத அலைகள்

மனிதன் தன் மகிழ்ச்சிக்காகச் செய்யும் செயல்களுக்கு அரசுகள் இலக்கணம் வகுப்பது அரிது. தோட்டம் போடுகிறவன் யார், தபால் தலை சேர்ப்பவன் யார் என்று எந்தச் சட்டமும் வரையறுப்பதில்லை. ஒரு பொழுதுபோக்குக்கு மட்டும் உலக நாடுகள் கூடியமர்ந்து இலக்கணம் எழுதியிருக்கின்றன. அதுவே அமெச்சூர் வானொலி. அதில் ஈடுபட்டோர் தம்மை அழைத்துக்கொள்ளும் பெயரால் சொன்னால், ஹாம் வானொலி. ஜெனீவாவைத் தலைமையிடமாகக் கொண்ட பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் விதிகள் இதனை, தானே கற்றுக்கொள்வதற்கும், ஒருவரோடொருவர் தொடர்புகொள்வதற்கும், தொழில்நுட்பத்தை ஆராய்வதற்குமான பணி என்கின்றன. இதில் ஈடுபடுவோர்க்குச் சொந்த ஆர்வமன்றி வேறு நோக்கம் இருத்தலாகாது. பொருளாசை அறவே கூடாது.

நம் நாட்டில் 1978ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட விதிகள் இன்னும் கண்டிப்பானவை. உரிமம் பெற்றவர் வணிகம் பேசக் கூடாது, விளம்பரம் கூடாது, இசையோ நிகழ்ச்சியோ ஒலிபரப்பக் கூடாது, மறைமொழியில் பேசக் கூடாது, பிறர் தந்த செய்தியைச் சுமந்து செல்லவும் கூடாது. பக்கத்து வீட்டுக்காரர், “என் மகன் துபாயில் இருக்கிறான், நலமா என்று கேட்டுச் சொல்லுங்கள்” என்றால், ஹாம் அன்பர் மறுத்தாக வேண்டும். வழக்கமான தொலைத்தொடர்பு வசதிகள் அற்றுப்போகும் பேரிடர்க் காலத்திற்கு மட்டும் இதில் விலக்கு உண்டு.

ஆக, உலகத்தோடு பேசும் ஆற்றலை ஒருவருக்குக் கொடுத்துவிட்டு, பயனுள்ள எதையும் பேசாதே என்று அவரைக் கட்டுப்படுத்தி வைத்திருக்கிறது சட்டம். இது நம் குடும்பங்களில் எழும் கேள்விக்கு நேரடியாகத் தொடர்புடையது. பள்ளிக்கூடத்துப் பையன் கம்பியும் சுருளுமாக மொட்டை மாடியில் ஏறினால், “இதனால் என்ன பயன்?” என்பதே நம் முதல் கேள்வி. ஹாம் அன்பர்களும் இக்கேள்விக்கு அஞ்சி, புயலையும் பூகம்பத்தையும் சான்றாகக் காட்டித் தங்கள் பொழுதுபோக்கை நியாயப்படுத்துவது வழக்கமாகிவிட்டது. அந்தச் சான்றுகள் உண்மையானவைதாம். ஆயினும் காரணத்தையும் விளைவையும் அவர்கள் இடம் மாற்றி வைத்துவிடுகிறார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. சென்னையின் வரலாற்றையும், குறிப்பாகத் தாம்பரத்தைச் சுற்றிய தென்புறநகர்ப் பகுதியின் அண்மைக்கால வரலாற்றையும் பார்த்தால் இது விளங்கும்.

வானொலி நம் ஊருக்கு எப்படி வந்தது? அரசாங்கம் கொண்டு வந்ததா? இல்லை. கம்பெனிகள் கொண்டு வந்தனவா? அதுவும் இல்லை. 1924ஆம் ஆண்டு மே 16ஆம் நாள் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி என்பவரும் அவருடைய நண்பர்களும் சேர்ந்து ‘மதராஸ் மாகாண ரேடியோ கிளப்’ என்ற சங்கத்தைத் தொடங்கினர். அதே ஆண்டு ஜூலை 31ஆம் நாள் அவர்களது ஒலிபரப்பு ஆரம்பமாயிற்று. 40 வாட் ஆற்றல்கொண்ட சிறு டிரான்ஸ்மிட்டர். ஒரு பழைய மின்விளக்குக்குத் தேவையான மின்சாரம் அவ்வளவுதான். மாலை வேளைகளில் இசையும் உரைகளும் காற்றில் ஏறின. பம்பாயிலும் கல்கத்தாவிலும் இந்திய ஒலிபரப்புக் கம்பெனி நிலையம் திறந்தது 1927ஆம் ஆண்டு ஜூலையிலும் ஆகஸ்டிலும்தான் என்பதை ஒப்பிட்டுப் பார்த்தால், சென்னை அன்பர்கள் எவ்வளவு முந்திக்கொண்டார்கள் என்பது தெரியும்.

முந்திக்கொண்டார்கள், நீடிக்கவில்லை. சங்கத்தின் கையிருப்பு கரைந்து, 1927ஆம் ஆண்டு அக்டோபரில் ஒலிபரப்பு நின்றது. மூடிய கடையின் சாமான்களை யாரும் ஏலத்தில் விடுவார்கள். இவர்களோ தங்கள் டிரான்ஸ்மிட்டரைச் சென்னை மாநகராட்சிக்குக் கொடுத்துவிட்டார்கள். அதை வைத்து மாநகராட்சி 1930 ஏப்ரல் 1 முதல் ஒலிபரப்பு நடத்தியது. கடற்கரைக்குக் காற்று வாங்கப் போனவர்கள் ஒலிபெருக்கியில் பாட்டுக் கேட்டுத் திரும்பினார்கள். 1938 ஜூன் 16இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கும்வரை நம் ஊரின் வானொலி அதுதான். பெரும் முதலீட்டோடு வந்த ஒலிபரப்புக் கம்பெனியோ மூன்றாண்டுகூட முழுமையாகத் தாக்குப்பிடிக்காமல் திவாலாகி, அந்த 1930ஆம் ஆண்டிலேயே அரசின் கைக்குப் போயிற்று. பணத்துக்காக நடந்ததும் நொடித்தது, ஆசைக்காக நடந்ததும் நொடித்தது. ஆனால் ஆசைக்காக நடத்தியவர்கள் விட்டுப்போன கருவி ஊருக்கு உதவிற்று.

மாகாண ரேடியோ கிளப்பினர் பெரும்பாலும் ஒலிபரப்பில் நாட்டம் கொண்டவர்கள். இருவர் இருந்த இடத்திலிருந்தே ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் அமெச்சூர் வானொலி அதற்குச் சற்று முன்பே கல்கத்தாவில் வேர் விட்டிருந்தது. 1921ஆம் ஆண்டு அமரேந்திர சந்திர குப்தாவும் முகுல் போஸும் அங்கே தொடங்கிய நிலையங்களே இந்தியாவில் முதலாவன என்பர். அந்தக் காலத்தில் உலகெங்கும் இந்த ஆர்வலர்களுக்குக் கிடைத்த மரியாதை பெரிதாக ஒன்றுமில்லை. அமெரிக்கச் சட்டம் 1912ஆம் ஆண்டே அவர்களை 200 மீட்டருக்குக் குறைந்த அலைநீளங்களுக்குத் துரத்திவிட்டிருந்தது. நெடுந்தொலைவு செல்வதற்கு நீண்ட அலைகளே ஏற்றவை, சிற்றலைகள் எதற்கும் உதவாதவை என்பது அன்றைய அறிஞர்களின் முடிவு. வேண்டாத நிலத்தை ஏழைக்கு ஒதுக்குவதுபோல ஒதுக்கினார்கள்.

அந்தப் பாழ்நிலத்தில்தான் புதையல் இருந்தது. 1923ஆம் ஆண்டு நவம்பரில், பிரான்சின் நீஸ் நகரத்தில் இருந்த லெயோன் டெலாய் என்ற ஆர்வலரும், அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் இருந்த பிரெட் ஷ்னெல் என்பவரும் ஏறத்தாழ 100 மீட்டர் அலையில் அட்லாண்டிக் பெருங்கடலைத் தாண்டி ஒருவருக்கொருவர் செய்தி மாற்றிக்கொண்டார்கள். வானத்தின் மேல்தளத்தில் கதிரவனின் ஒளியால் மின்னூட்டம் பெற்ற அயனி மண்டலம் இருக்கிறது. சிற்றலைகள் அதில் பட்டுக் கண்ணாடியில் பட்ட ஒளிபோலத் திரும்பி, நெடுந்தொலைவில் மீண்டும் மண்ணைத் தொடுகின்றன. இதை நடைமுறையில் காட்டியவர்களில் முன்னணியில் நின்றவர்கள் சம்பளம் வாங்காத இந்த ஆர்வலர்களே. அதன் பிறகு அரசுகள் விழித்துக்கொண்டன. 1931 பிப்ரவரி 12இல் திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் தொடங்கிவைத்த வத்திக்கான் வானொலியை மார்க்கோனியே அமைத்துக் கொடுத்தார். அது உலகத்தை எட்டியதும் சிற்றலை வழியாகத்தான்.

அரசுகள் விழித்துக்கொண்டபோது ஐயமும் கூடவே விழித்துக்கொண்டது. தன் வீட்டிலிருந்து வேறு நாட்டோடு பேசும் குடிமகனை எந்த அரசு முழுமனத்தோடு நம்பும்? 1939ஆம் ஆண்டு இரண்டாம் உலகப்போர் மூண்டதும் இந்திய அமெச்சூர் உரிமங்கள் நிறுத்தப்பட்டன. ஆள்வோரின் அச்சம் முற்றிலும் ஆதாரமற்றது என்றும் சொல்ல முடியாது. 1942இல் ‘வெள்ளையனே வெளியேறு’ இயக்கத்தின்போது பம்பாயிலிருந்து இயங்கிய தலைமறைவுக் காங்கிரஸ் வானொலியின் குரலாக 22 வயது உஷா மேத்தா விளங்கினார். அதற்குக் கருவி அமைத்துத் தந்த நரிமன் பிரிண்டர் வானொலிக் கலையில் கைதேர்ந்த ஆர்வலர். ஆகஸ்டு இறுதியில் தொடங்கிய அந்த ஒலிபரப்பு நவம்பர் 12இல் போலீசார் கையில் சிக்கியது.

விடுதலைக்குப் பின் 1948ஆம் ஆண்டு ஆர்வலர்கள் ஒன்றுகூடி அமைத்த சங்கமே இன்றைய இந்திய அமெச்சூர் வானொலிச் சங்கம். போர் முடிந்து படையினர் கழித்துக்கட்டிய ரிசீவர்களும் வால்வுகளும் சந்தைக்கு வந்தது அக்காலத்து ஆர்வலர்களுக்குப் பெரும் பேறு. குண்டு வீசும் விமானத்தில் கிடந்த கருவி ஒருவர் வீட்டு மேசையில் அமர்ந்து, ஆஸ்திரேலியாவில் மழை பெய்கிறதா என்று விசாரித்தது. பிற்காலத்துச் சென்னை ஆர்வலருக்கு ரிச்சி தெருவே திருத்தலம். மின்தடையும் மின்தேக்கியும் சில்லறையாக வாங்கி, சாலிடரிங் இரும்பைச் சூடேற்றி, ஞாயிறு முழுவதும் புகையில் உட்கார்ந்திருப்பதில் ஓர் இன்பம் உண்டு. அது செய்தவருக்கே புரியும்.

இவ்வின்பத்தை அடைய ஒரு வாசல் உண்டு. அதற்குத் தேர்வு என்று பெயர். சென்னையைச் சேர்ந்தோர் நெடுங்காலம் பெருங்குடியிலுள்ள அரசின் கம்பியில்லாத் தகவல் கண்காணிப்பு நிலையத்துக்குச் சென்று எழுதிய தேர்வு அது. மின்னியல் பற்றியும் விதிமுறைகள் பற்றியும் கேள்விகள். அவற்றோடு மோர்ஸ் தந்தி மொழி. புள்ளியும் கோடுமான அந்த மொழியைக் காதால் கேட்டுக் கையால் எழுத வேண்டும். கட்டையைத் தட்டி அனுப்பவும் வேண்டும். மேல்நிலை உரிமத்துக்கு நிமிடத்துக்குப் பன்னிரண்டு சொற்கள் என்ற வேகம் ஒரு காலத்தில் கட்டாயம். மோர்ஸைக் கண்களால் படித்தவர் தேறியதில்லை. அது எழுத்தன்று, தாளம். கஞ்சிரா பழகுகிறவன் சொற்கட்டைச் சொல்லிச் சொல்லி விரலில் ஏற்றுவதுபோல, ஒவ்வோர் எழுத்தையும் ஓசையாகவே உள்வாங்க வேண்டும். 2003ஆம் ஆண்டு ஜெனீவாவில் கூடிய உலக மாநாடு இக்கட்டாயத்தைத் தளர்த்தி, அந்தந்த நாட்டின் விருப்பத்துக்கு விட்டது. பின்னர் நம் நாட்டிலும் தொடக்கநிலை உரிமத்துக்கு மோர்ஸ் தேவையில்லை என்றாயிற்று. ஆயினும் பலர் விரும்பியே அதைக் கற்கிறார்கள். குரல் அமிழ்ந்துபோகும் இரைச்சலிலும் மோர்ஸ் ஓசை தனித்துக் கேட்கும் என்பது ஒரு காரணம். அழகாக இருக்கிறது என்பது இன்னொரு காரணம். எனக்கு இரண்டாவதுதான் மெய்யானதாகப் படுகிறது.

தேறியவருக்கு ஓர் அழைப்புக் குறி கிடைக்கும். இந்தியாவுக்கு ‘வி.யு.’ என்ற எழுத்துகள். அடுத்து ஓர் எண். பின்னர் அவருக்கே உரிய எழுத்துகள். உலகில் இன்னொருவருக்கு அந்தக் குறி கிடையாது. ராஜீவ் காந்தியும் இத்தகைய குறி ஒன்றை உடையவர். பிரதமரும் எழுத்தரும் மாணவரும் அலையில் சந்தித்தால் ஒருவரையொருவர் குறியாலும் முதற்பெயராலும் மட்டுமே அழைத்துக்கொள்வர். சாதியையும் சம்பளத்தையும் கேட்டறிந்த பிறகே பேச்சைத் தொடங்கும் நம் சமுதாயத்தில் இது சிறிய விஷயமன்று.

பேச்சில் என்ன இருக்கும்? ஏறத்தாழ ஒன்றுமே இராது. “உங்கள் ஒலி தெளிவாகக் கேட்கிறது; என் பெயர் இன்னது; ஊர் இன்னது; ஏரியல் இன்ன வகை; இங்கே வெயில்.” அவ்வளவில் ‘73’ என்று வாழ்த்துச் சொல்லி விடைபெறுவர். ‘73’ என்பது பழைய தந்தி ஊழியர்களின் வணக்கக் குறி. சில வாரங்கள் கழித்து அஞ்சலில் ஓர் அட்டை வரும். ‘க்யூ.எஸ்.எல்.’ அட்டை என்பர். இன்ன நாள், இன்ன நேரம், இன்ன அலையில் உம்மோடு பேசினேன் என்பதற்கு அத்தாட்சி. நாற்பது மீட்டர் அலையில் பகலில் தென்னிந்திய நண்பர்கள், இரவு ஏற ஏறத் தொலைநாடுகள். இருபது மீட்டரில் ஐரோப்பா. கதிரவனில் கரும்புள்ளிகள் மிகும் ஆண்டுகளில் பத்து மீட்டரும் உயிர்பெற்று உலகத்தைத் திறந்துவிடும். ஏறத்தாழ பதினோராண்டுக்கு ஒருமுறை வரும் அந்தப் பருவத்துக்காக, மழைக்குக் காத்திருக்கும் உழவரைப்போலக் காத்திருப்பார்கள்.

அழைப்புக் குறி பெறாமல் கேட்பதோடு நின்றுவிட்ட ஒரு பெருங்கூட்டமும் உண்டு. அதில் நம்மவர் பலர். சிற்றலை வானொலியைத் திருகி, இலங்கையையும், இலண்டன் பி.பி.சி.யின் தமிழோசையையும், வத்திக்கானின் தமிழ் ஒலிபரப்பையும், மணிலாவிலிருந்து வந்த வேரித்தாஸ் தமிழ்ப்பணியையும் தேடிப் பிடித்த இல்லங்கள் நம் பங்குகளில் எத்தனை! கேட்டதை எழுதி அனுப்பினால் நிலையத்தார் வண்ண அட்டை அனுப்புவார்கள். அதுவும் ஹாம் மரபின் உறவுக்காரப் பழக்கமே. தமிழோசை 2017ஆம் ஆண்டிலும், வேரித்தாஸ் 2018ஆம் ஆண்டிலும் சிற்றலையிலிருந்து விடைபெற்றன. அந்தப் பெட்டிகள் இன்று பரணில் இருக்கக்கூடும். எறிந்துவிட வேண்டாம் என்று மட்டும் சொல்லிவைக்கிறேன். அமெச்சூர் பேச்சுகளைக் கேட்கும் திறனுள்ள பெட்டிகள் அவற்றில் சில உண்டு.

நம் திருச்சபையின் புனிதர் வரிசையில் ஒரு ஹாம் இருக்கிறார் என்பதைப் பலர் அறியார். ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் குடும்பத்தலைவர் ஒருவருக்குப் பதிலாகத் தம் உயிரைக் கொடுத்து 1941 ஆகஸ்டு 14இல் மரித்த புனித மாக்ஸிமிலியன் கோல்பே, போலந்து நாட்டில் ‘எஸ்.பி.3 ஆர்.என்.’ என்ற குறியோடு வானொலி நிலையம் வைத்திருந்தவர். 1938இல் தம் துறவு இல்லத்திலிருந்து ஒலிபரப்பும் தொடங்கினார். 1982ஆம் ஆண்டு புனிதர் பட்டம் பெற்ற அவரை உலகெங்கும் ஹாம் அன்பர் பலர் தங்கள் பாதுகாவலராகக் கருதுகின்றனர். இன்னொருவர் கணக்கில் தன்னை எழுதிவைத்த மனிதர் ஓய்வு வேளையில் கட்டை தட்டியவர் என்பது, அவர் வாழ்க்கையை எழுதுவோர் விரைந்து கடந்துவிடும் செய்தி.

இனித் தாம்பரத்துக்கு வருவோம். தாம்பரத்துக்கு வடக்கே குரோம்பேட்டை, தெற்கே காட்டாங்குளத்தூர், கிழக்கே பழைய மாமல்லபுரம் சாலையில் செம்மஞ்சேரி. இம்மூன்று ஊர்களிலுள்ள கல்விக்கூடங்களிலிருந்தும் ஒவ்வொரு செயற்கைக்கோள் விண்ணுக்குச் சென்றிருக்கிறது. இதை இந்தப் பகுதியில் வாழ்வோரே அதிகம் பேசுவதில்லை.

1949ஆம் ஆண்டு சி. ராஜம் குரோம்பேட்டையில் நிறுவிய எம்.ஐ.டி.யை அப்துல் கலாம் படித்த கல்லூரி என்று எல்லாரும் அறிவர். அங்கே, பின்னர் அண்ணா பல்கலைக்கழகத்தின் அங்கமாகிவிட்ட வளாகத்தில், இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் வழிகாட்டலோடு உருவான அனுசாட், ஏறத்தாழ 40 கிலோ எடையோடு 2009 ஏப்ரல் 20இல் ஏவப்பட்டது. செய்தியை ஓரிடத்தில் வாங்கி வைத்திருந்து, பூமியைச் சுற்றிவந்து வேறிடத்தில் இறக்கிக் கொடுக்கும் முறையைச் சோதிப்பது அதன் வேலைகளுள் ஒன்று. வானத்துத் தபால்காரர் என்று சொல்லலாம். 2011 அக்டோபர் 12இல் காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழக மாணவர்களின் எஸ்.ஆர்.எம்.சாட் சென்றது, எடை 11 கிலோவுக்கும் சற்றுக் குறைவு. 2016 ஜூன் 22இல், ஒரே ராக்கெட்டில் இருபது செயற்கைக்கோள்கள் ஏறிய பயணத்தில், செம்மஞ்சேரி சத்தியபாமாவின் ஒன்றரைக் கிலோச் சிறுவனும் இடம்பிடித்தான்.

இவற்றுக்கும் நம் பொழுதுபோக்குக்கும் என்ன தொடர்பு? எஸ்.ஆர்.எம்.சாட் தன் நலத்தை அறிவித்தது அமெச்சூர்களுக்கென ஒதுக்கப்பட்ட 437 மெகாஹெர்ட்ஸ் பகுதியில். அதுவும் மோர்ஸ் ஓசையில். தேர்விலிருந்து நீக்கப்பட்டுவரும் ‘கிழட்டு மொழி’, இருபது வயதுப் பிள்ளைகள் செய்த விண்கலத்தின் தாய்மொழியாயிற்று. காரணம் எளியது. மாணவர் செயற்கைக்கோள் தன் கல்லூரியின் தலைக்குமேல் ஒரு நாளில் சில முறை, ஒவ்வொரு முறையும் சில நிமிடங்களே கடக்கும். மீதி நேரத்தில் அது பேசுவதைக் கேட்பது யார்? ஜெர்மனியிலோ ஜப்பானிலோ தன் வீட்டு மாடியில் ஏரியல் கட்டிக் காத்திருக்கும் யாரோ ஓர் ஆர்வலர். இத்தகைய சிறு கோள்களின் குரலைக் கேட்டு, பதிவு செய்து, அனுப்பிவைக்க உலகெங்கும் ஆட்கள் இருக்கிறார்கள். யாரும் அவர்களைக் கேட்டுக்கொள்வதில்லை; கூலியும் கொடுப்பதில்லை.

இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் இந்தக் கடனைத் திருப்பிக் கொடுத்ததும் உண்டு. 2005 மே 5இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய 42.5 கிலோ ஹாம்சாட் முழுக்க முழுக்க அமெச்சூர்களுக்கென்றே அனுப்பப்பட்டது. அதிலிருந்த இரு கருவிகளில் ஒன்று இந்தியாவில் செய்யப்பட்டது. மற்றொன்றைச் செய்தவர் நெதர்லாந்து நாட்டு மாணவர் ஒருவர். இரண்டாண்டுக்கென்று அனுப்பிய அந்தக் கோள் 2014 ஜூலை வரை, ஒன்பது ஆண்டுகள், உலகத்தாரைப் பேசவைத்தது.

இப்போது பேரிடருக்கு வரலாம்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள். நாகையிலும் வேளாங்கண்ணியிலும் நம்மவர் எத்தனை பேரை அலை கொண்டுபோயிற்று என்பதை இந்த இதழின் வாசகர்க்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அன்று அந்தமானில் பாரதி பிரசாத் என்ற பெண்மணி இருந்தார். எதற்காக? வேடிக்கைக்காக. அந்தமான் தீவுகளில் அமெச்சூர் வானொலிக்குப் பல ஆண்டுகளாக அனுமதி இருந்ததில்லை. ஆகவே அந்தமானோடு பேசிய அட்டை தம்மிடம் இல்லையே என்று ஏங்கிய ஆர்வலர்கள் உலகெங்கும் இருந்தனர். அவர் விடாமல் முயன்று அனுமதி பெற்று, ‘வி.யு.4 ஆர்.பி.ஐ.’ என்ற குறியோடு போர்ட் பிளேரில் ஒரு விடுதியில் ஏரியல் கட்டி, அந்த மாதம் முழுவதும் ஆயிரக்கணக்கானோரோடு பேசிக்கொண்டிருந்தார். பயன் என்று கேட்டால் வண்ண அட்டைகள்தாம்.

காலை ஆறரை மணியளவில் நிலம் ஆடிற்று. தொலைபேசியும் மின்சாரமும் போயின. சிறிது நேரத்தில் தீவுக்கும் தலைநிலத்துக்கும் இடையே பேசக்கூடியவராக எஞ்சியவர்களில், அட்டை சேர்ப்போருக்காக வந்திருந்த அந்தப் பெண்மணியும் அவருடைய குழுவினரும் முக்கியமானவர்களானார்கள். விளையாட்டை நிறுத்திவிட்டு, உயிரோடிருப்போரின் பெயர்களை உறவினர்க்குச் சொல்லும் வேலையை ஏற்றார்கள். குழுவில் சிலர் பேரழிவுக்குள்ளான கார் நிகோபாருக்கே கருவியோடு போனார்கள். பிறர் செய்தியைச் சுமக்கலாகாது என்ற விதிக்கு விலக்கு என்று நான் முன்னே சொன்னது இத்தகைய நாளைத்தான்.

பதினோராண்டுக்குப் பின் நீர் நம் வாசலுக்கே வந்தது. 2015 டிசம்பர் 1ஆம் நாள் தொடங்கிய மழையில், மறுநாள் காலை எட்டரை மணியோடு முடிந்த இருபத்து நான்கு மணி நேரத்தில், தாம்பரத்தில் பதிவானது 49 சென்டிமீட்டர். முடிச்சூரும் வரதராஜபுரமும் ஏரியாயின. அடையாறு கரை கொள்ளாமல் ஓடிற்று. விமான நிலையம் சில நாட்கள் மூடிக்கிடந்தது. மறைமலைநகரிலுள்ள அச்சகத்துக்கு ஊழியர் செல்ல முடியாததால் ‘தி ஹிந்து’ நாளிதழ், 1878இல் தொடங்கிய நாள்முதல் முதன்முறையாக, டிசம்பர் 2ஆம் நாள் சென்னையில் வெளிவரவில்லை. நம் எல்லார் கையிலும் கைப்பேசி இருந்தது. அதற்கு மின்சாரம் இல்லை. மின்சாரம் வைத்திருந்தவர்க்குக் கோபுரம் இல்லை, ஏனெனில் கோபுரத்துக்கும் மின்சாரம் வேண்டும். முதல் மாடியில் நின்றுகொண்டு அடுத்த தெருவிலுள்ள தாய் உயிரோடிருக்கிறாளா என்றறிய முடியாதவர்கள் இருந்தார்கள். கார் பேட்டரியில் இயங்கும் ஒரு சிறு கருவியும் ஒரு துண்டுக் கம்பியும் அத்தகைய வேளையில் எவ்வளவு பெரியவை என்பதை விளக்க வேண்டியதில்லை.

இங்கேதான் நான் முன்பு குறிப்பிட்ட இடமாற்றம் நிகழ்கிறது. இத்தகைய நாட்களுக்குப் பிறகு, “பேரிடருக்காக ஹாம் வானொலியைக் கற்பிப்போம்” என்று திட்டங்கள் எழும். நல்ல எண்ணந்தான். ஆனால் பேரிடருக்கென்று மட்டும் வாங்கிய கருவி, பேரிடர் வரும்வரை அலமாரியில் இருக்கும். வரும்போது அதன் பேட்டரி இறந்திருக்கும். இயக்கத் தெரிந்தவர் மாற்றலாகிப் போயிருப்பார். போர்ட் பிளேரில் கருவி வேலை செய்தது ஏன்? முந்தின நாளும் அது வேலை செய்துகொண்டிருந்தது என்பதால். எந்த நேரத்தில் எந்த அலை எந்த ஊரை எட்டும், இரைச்சலில் மங்கிய குரலை எப்படிப் பிரித்தறிவது, ஒரே நேரத்தில் நூறு பேர் கூப்பிட்டால் யாரை எப்படி வரிசைப்படுத்துவது என்பவற்றை ஒரு பயிற்சி வகுப்பு கற்றுத் தராது. ஆயிரம் மாலைகளின் வெட்டிப்பேச்சு கற்றுத் தரும். மகிழ்ச்சி இல்லாவிட்டால் யார் ஆயிரம் மாலைகள் உட்காருவார்கள்?

அந்த மாலைகள் இன்று நம் புறநகரில் அருகி வருகின்றன. சேலையூரிலும் செம்பாக்கத்திலும் தென்னையும் கிணறுமாக இருந்த மனைகளில் அடுக்குமாடிகள் எழும்பிவிட்டன. நாற்பது மீட்டர் அலைக்குப் பாதியளவு ஏரியல் கட்ட இருபது மீட்டர் நீளம் வெற்றிடம் வேண்டும்; இருப்பதோ பொதுமாடி. சங்கக் கூட்டத்தில் ஏரியலுக்கு அனுமதி கேட்பது மதராஸில் ரேடியோ கிளப் தொடங்குவதைவிடக் கடினம் என்று தோன்றும். அனுமதி கிடைத்தாலும், மலிவான எல்.இ.டி. விளக்குகளும் இன்வெர்ட்டர்களும் கக்கும் இரைச்சல் சிற்றலையை மூடிவிடுகிறது. அயல்நாட்டுக் குரலைத் தேடினால் அடுத்த வீட்டு விளக்கின் ரீங்காரம் கேட்கிறது. அமெரிக்காவில் ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் உரிமம் வைத்திருக்க, மக்கள்தொகையில் பன்மடங்கு பெரிய நம் நாட்டில் ஆர்வலர் மிகச் சிலரே.

ஆயினும் கதிரவன் தன் கணக்கை விட்டுவிடவில்லை. அண்மைச் சுழற்சி 2024ஆம் ஆண்டையொட்டி உச்சத்தைத் தொட்டது. பத்து மீட்டர் அலையில் சிறு கருவிக்கும் கண்டங்கள் எட்டின. சோம்பிக் கிடந்த கருவிகள் பல தூசு தட்டப்பட்டன. அடுத்த உச்சம் வர இன்னும் பத்தாண்டு ஆகலாம். அதற்குள் தேர்வெழுதித் தேற விரும்பும் பிள்ளை நம் வீட்டில் இருந்தால், உரிமத்துக்கு விண்ணப்பிக்க வயது பன்னிரண்டு நிறைந்திருந்தால் போதும்.